இரண்டாவது தட்டு

"இரண்டு தட்டுகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்பதை உங்கள் நிரலே ஏன் முடிவு செய்கிறது? அதைப் பயன்படுத்துபவரிடம் விடுங்கள்."

எங்கோ ஒரு நாட்டிலிருந்து முகம் தெரியாத ஒருவர் இப்படி எழுதியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போர்டிக்சனிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய அப்பா வீட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மடிக்கணினியை அடித்துச் சாத்தினேன்.

பக்கவாதம் அப்பாவின் பேச்சைக் கொண்டுபோயிருந்தது. இடது கை மட்டும் சொன்னபடி கேட்கும். ரப்பர் ஆலை இரைச்சலில் அம்மாவின் காது மந்தமாகிப் பல வருடம் ஆகிறது. அதனால் அப்பாவின் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டி, அதற்குள் அசைவை உணரும் சில்லு ஒன்றை வைத்து, தலைமாட்டில் இருந்த சிறிய கணினிப் பலகையோடு கம்பியால் இணைத்திருந்தேன். கட்டில் சட்டத்தில் அவர் இரண்டு முறை தட்டினால் அடுப்படியில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். விளக்கைப் பார்த்து அம்மா வர வேண்டும். இது ஒழுங்காக நடந்தால்தான் நான் கோலாலம்பூருக்கு, வேலைக்குத் திரும்ப முடியும்.

சில்லு தட்டை உணர்ந்துவிடும். உணர்ந்ததை மற்ற நிரல்களுக்குச் சொல்ல, கணினியின் அடித்தளமான கர்னலில் ஒரு வழி அமைக்க வேண்டும். அங்கேதான் தலைவலி. ஒரு சில்லு 'காத்திருப்பு' என்பதை இன்னொன்று 'அமைதி நேரம்' என்கிறது. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற பெயர் வை, நேரத்தை வினாடியில் கொடு என்று, கர்னலைச் சேர்ந்து எழுதும் பல நாட்டு நிரலாளர்களின் பொது மின்னஞ்சல் பட்டியலில் ஆளாளுக்கு நாட்டாமை. நான் சுருக்கமாக முடித்திருந்தேன். ஒற்றைத் தட்டு என்றால் கை தெரியாமல் பட்டது, உள்ளேயே விழுங்கிவிடலாம். அரை வினாடிக்குள் இன்னொன்று வந்தால் மட்டும் மேலே சேதி போகும். இதில் என்ன குறை?

குறை கட்டிலில் படுத்திருந்தது.

"ப்பா, ரெண்டு தட்டு. டக் டக். அவ்ளோதான் லா."

தலையாட்டுவார். ஒரு தட்டு விழும். உள்ளங்கையைச் சட்டத்தின் மேல் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இன்னொன்னு தட்டுங்க, ப்பா!"

ஊஹும். விரல்களில் கோளாறு இல்லையென்று சிரம்பான் மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். அப்படியென்றால் இது பிடிவாதம் என்று முடிவுகட்டினேன்.

ஒரு நாள் மத்தியானம் பசாரில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால், ஈர விரிப்பில் கிடந்தார். எவ்வளவு நேரமாகவோ. "தட்டுனீங்களா இல்லையா?" என்று கத்திவிட்டேன். அவர் ஒரு விரலைக் காட்டினார்.

விரிப்பை உருவிக்கொண்டே அம்மா சொன்னார். "அவரு எப்புடி ரெண்டாவது தட்டுவாரு? யாரும் பதில் தட்டலயே."

"என்னா பதில்?" சத்தமாகக் கேட்டேன்.

"லயத்துல பலகச் சுவருதானே. ஒரு தட்டு தட்டுனா, இருக்கியான்னு கேக்குறது. அந்தப் பக்கத்திலேருந்து ஒரு தட்டு வந்தா ஆளு இருக்குன்னு அர்த்தம். அப்புறந்தான் ரெண்டாவது தட்டு, வான்னு. பதிலு வரலன்னா சும்மா போட்டு இடிக்கக்கூடாது லா. அசந்து தூங்குவாங்க."

தோட்டத் தொழிலாளர்கள் ஒரே வரிசையாகக் குடியிருந்த அந்த லயத்து வீடுகளை இடித்தபோது நான் கைக்குழந்தை. எனக்கு எப்படித் தெரியும்? இவ்வளவு நாள் கூடவே இருந்த அம்மா இதை முன்னாலேயே சொல்லியிருக்கக்கூடாதா? யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லார் மேலும் கோபப்பட்டேன். அந்த முகம் தெரியாத ஆள் சொன்னதே சரியாக இருந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். சில்லு அதிகபட்சம் பொறுக்கும் நேரம் ஒரு பெருமூச்சுக்குக்கூடக் காணாது. ஆகவே ஒற்றைத் தட்டையும் தனிச் சேதியாக மேலே அனுப்பி, பொறுக்கும் வேலையை மேலே இருக்கும் நிரலிடம் விட்டேன். பட்டைக்குள் ஒரு குட்டி மோட்டாரையும் வைத்தேன்; முதல் தட்டு விழுந்ததும் மணிக்கட்டில் பட்டை அதிரும், அதுதான் பதில். அதற்குப் பிறகு எப்போது தட்டினாலும் விளக்கு எரியும். பட்டியலுக்கு அனுப்பினேன். பெயர் தெளிவாக இல்லை, மாற்றுங்கள் என்று திரும்பி வந்தது. மாற்றினேன். பழைய பெயரே தேவலாம் என்றார் இன்னொருவர்.

அவர்கள் அடித்துக்கொள்ளட்டும். வீட்டில் வேலை செய்தது. அப்பா தட்டினார், பட்டை அதிர்ந்தது, மறுபடி தட்டினார், விளக்கு எரிந்தது, அம்மா போனார். ஒரு வாரம் இப்படி ஒழுங்காகப் போனதும் நான் பையைக் கட்டினேன்.

சிரம்பான் ஸ்டேஷனுக்குப் போகக் கார் வாசலில் வந்து நின்றது.

"போய்ட்டு வரேன், ப்பா."

அப்பா ஒரு தட்டு தட்டினார். பட்டை அதிர்வது எனக்கே கேட்டது. அவர் இரண்டாவது தட்டவில்லை.

"அதுதான் அதிருதே, ப்பா. தட்டுங்க."

அவர் பட்டையைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே கார்க்காரர் ஹாரன் அடித்தார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. பையைக் கீழே வைத்துவிட்டு, கதவு நிலையில் ஒரு தட்டு தட்டினேன்.

உடனே அவருடைய இரண்டாவது தட்டு விழுந்தது.

விளக்கு எரிந்திருக்க வேண்டும். அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தார். "என்னாவாம்? என்னா வேணுமாம்?"

"என்னையத்தாம்மா கூப்புடுறாரு."

அம்மாவுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.