பதிவேட்டில் எப்போதும் இருபத்தைந்து

பத்தொன்பது ஆண்டுகளில் ஐவி பதின்மூன்றாயிரம் தடவைக்கு மேல் ஒரே எண்ணை எழுதியிருக்கிறார்: இருபத்தைந்து. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மைசூரில் தேவராஜ மொஹல்லாவை ஒட்டி ஓர் அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனையில் அவர் மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர். கிடங்கின் வெப்பநிலையை நாளுக்கு இரண்டு முறை பார்த்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்பது விதி. குறித்தார். பார்க்கத்தான் இல்லை.

அவர் வேலைக்குச் சேர்ந்த அன்றே சுவரில் தொங்கிய வெப்பமானி உடைந்துதான் இருந்தது. "இதுக்கு என்ன சார் எழுதறது?" என்று அப்போதைய பொறுப்பாளரிடம் கேட்டார்.

"இருவத்தஞ்சு போடும்மா. இது மைசூரு, மெட்ராஸா?"

ஐவிக்கும் அது நியாயமாகவே பட்டது. ரயில்வே வேலைக்காக இங்கே வந்து தங்கிவிட்ட குடும்பம் அவருடையது. வேலூரிலிருந்து விடுமுறைக்கு வந்த சித்தப்பா பிள்ளைகள் மே மாதத்தில் போர்வை கேட்டதை வருடக்கணக்கில் சொல்லிச் சிரித்த வீடு. குளிர்ந்த ஊர்க்காரர்கள் என்ற அந்தப் பெருமை இருக்கும்போது புது வெப்பமானி யாருக்கு வேண்டும்? ஆண்டுதோறும் ஆய்வுக்கு வந்தவர்களும் வரிசையாக நின்ற இருபத்தைந்துகளைப் பார்த்தார்கள், பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்கள், காபி குடித்துவிட்டுப் போனார்கள். ஒருவர் கூட நிமிர்ந்து சுவரைப் பார்க்கவில்லை.

இதற்கிடையில் கிடங்கு சூடேறிக்கொண்டே வந்தது. ஜன்னலுக்கு வெளியே நின்ற இரண்டு தூங்குமூஞ்சி மரங்களைக் கார் நிறுத்துவதற்காக வெட்டினார்கள். அந்த இடத்தில் தகரக் கூரை முளைத்தது. பிறகு நிர்வாகப் பிரிவுக்கு ஏசி வந்தது. அதன் வெளிப்பெட்டிகள் மூன்றையும், வேறு சுவரே இல்லாதது போல, கிடங்கு ஜன்னலுக்கு நேராக மாட்டினார்கள். அங்கே கோப்புகள் குளிர்ந்தன. அங்கிருந்து உறிஞ்சிய சூடு முழுதும் இங்கே மாத்திரைகள் மேல் வீசியது. மின்சாரம் போனால் ஜெனரேட்டர் புகையும் சேர்ந்துகொள்ளும். ஐவி ஜன்னலைச் சாத்திவிட்டு, புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, இருபத்தைந்து என்று எழுதினார்.

இந்த ஏப்ரலில் மாதம்மா வந்தார்.

ஹனூர் தாலுகாவில் ராமாபுரம் அவருடைய ஊர். இரண்டு வருடம் மழை ஏமாற்றியதில் மக்காச்சோளம் கருகி, போர்வெல் வற்றி, மார்க்கெட்டில் மூட்டை இறக்க வந்த குடும்பம். அவருடைய மூன்று வயது மகளுக்குக் காய்ச்சல் ஏறினால் வலிப்பு வரும். அன்று காலை டாக்டர் குழந்தையைப் பார்த்து, ஆசனவாய் வழியாக வைக்கும் காய்ச்சல் மருந்தை உடனே வைக்கச் சொல்லியிருந்தார். மெழுகுத் துண்டு போலக் கெட்டியாக இருக்க வேண்டிய மருந்து அது. மாதம்மா பிரித்த அட்டையை மருந்து வாங்கும் ஜன்னல் வழியாக நீட்டினார். விரல்களெல்லாம் பிசுபிசுப்பு.

"ஏனுங்க மேடம், பிரிச்சா எண்ணையாட்ட ஒழுகிப்போச்சுங்க. அதுக்குள்ள புள்ளைக்கு வெட்டு வந்துருச்சு. நான் எதைங்க வெக்கறது?"

"நீங்க வெயில்ல வெச்சிருப்பீங்க" என்றார் உதவியாளர் அஷ்வினி.

"வாங்குன கையோட அந்த பெஞ்சுலயே பிரிச்சேனுங்க. உங்க பெஞ்சுல வெயிலுங்களா?"

வார்டில் ஊசி போட்டு வலிப்பை நிறுத்தினார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஐவி கிடங்குக்குள் போய் அதே மருந்தின் அடுத்த அட்டையை அமுக்கிப் பார்த்தார். உள்ளே தளும்பியது. அதற்கடுத்த அட்டையும் தளும்பியது. பெட்டியைத் திருப்பினால் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது: இருபத்தைந்து டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. அவர் எழுதி வந்த எண் அதிலிருந்துதான் பிறந்திருக்க வேண்டும்.

மார்க்கெட்டுக்கு நடந்து போய்த் தன் கைக்காசில் ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்கி வந்தார். மாலை மூன்று மணிக்கு அலமாரியருகே முப்பத்தேழு. ஜன்னலோரம் நாற்பத்தொன்று. உருகியது கண்ணுக்குத் தெரிந்தது, சரி. உருகாமலே வீரியம் போன மாத்திரைகள் எத்தனை, சிரப்புகள் எத்தனை? அவற்றையெல்லாம் தினமும் நோயாளிகள் நம்பி வாங்கிப்போய்க்கொண்டிருந்தார்கள்.

கிடங்குக்கு ஏசி கேட்டு அன்றே மனு எழுதினார். மறுநாள் நிர்வாக அதிகாரி ஸ்ரீவத்ஸன் கூப்பிட்டனுப்பினார். அறைக்குள் நுழைந்ததும் ஐவிக்குக் கைமயிர் சிலிர்த்தது. அவ்வளவு குளிர்.

"போர்டுக்கு நான் என்ன காட்டட்டும் மேடம்?" ஸ்ரீவத்ஸன் பதிவேட்டைப் புரட்டினார். "ஜனவரி, இருபத்தஞ்சு. ஏப்ரல், இருபத்தஞ்சு. போன மே மாசம் ஊரே வெந்துது, உங்க ரூம்ல மட்டும் இருபத்தஞ்சு. பேசாம எங்க ஆபீஸை அங்க மாத்திக்கலாம் போலிருக்கே."

"சார், உங்க ஏசி பெட்டி மூணும் என் ஜன்னல்லதான் ஊதுது."

"ஊதட்டுமே. அப்பவும் இருபத்தஞ்சுதானே எழுதிருக்கீங்க?"

ஐவி பதிவேட்டை மூடிக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நோடி, பாருங்க மேடம்," ஸ்ரீவத்ஸன் குரலைத் தணித்துக்கொண்டார், "நேத்து வரைக்கும் இருபத்தஞ்சு, இன்னிக்கு முப்பத்தேழுன்னா ரெண்டுல ஒண்ணு பொய். பொய் யாருதுன்னு கேப்பாங்க. அந்த அட்டைங்களை ஃப்ரிட்ஜ்ல போடுங்க, கெட்டி ஆயிடும். ஆயிதல்லா, முடிஞ்சுதில்ல?"

ஆகும். வடிவம் திரும்ப வரும். ஆனால் மெழுகில் கலந்த மருந்து ஒரு பக்கமாய்ப் படிந்து கிடக்கும். பாதியாக நறுக்கி வைத்தால் ஒரு குழந்தைக்கு மருந்தே இல்லாமல் போகலாம், இன்னொன்றுக்கு அதிகமாகலாம். மருந்தாளுநர் படிப்பில் முதல் வருடப் பாடம் இது.

கிடங்குக்குத் திரும்பியதும் ஐவி பதிவேட்டை மேஜையில் வீசினார். அதற்கு அட்டையாகப் போட்டிருந்த செய்தித்தாள் அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. போன கோடையின் தாள். மைசூரில் முப்பத்தெட்டரை டிகிரி என்று தலைப்பு. வானிலைக்காரர்கள் ஒழுங்காக அளந்திருக்கிறார்கள், பத்திரிகைக்காரர்கள் ஒழுங்காக அச்சடித்திருக்கிறார்கள். அந்தச் செய்தியை மடித்து ஒட்டி, அதற்குள்ளேயே இருபத்தைந்து என்று எழுதியது யார்?

கோபம் முதலில் தன் மேலேயே திரும்பியது. ஆனால் அங்கேயே நிற்கவில்லை. இந்தச் சூட்டை மாதம்மாவா உண்டாக்கினார்? அவர் வீட்டில் ஒரு பல்பும் ஒரு செல்போனும் தவிர மின்சாரத்தில் ஓடுவது எதுவுமில்லை. கார் வைத்திருந்தவர்களுக்காக மரம் போனது. ஏசி வைத்திருந்தவர்களுக்காக ஜன்னல் போனது. உலகம் முழுக்க இப்படித்தான் ஒரு பக்கம் குளிர்ந்துகொண்டு மறுபக்கம் ஊதுகிறார்கள். மழை பொய்த்து ஊரை விட்டு வந்தவரின் பிள்ளைக்கு மருந்தும் ஒழுகிப்போகிறது. கேட்டால், பதிவேட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதே என்கிறார்கள்.

ஐவி இரண்டு கடிதங்கள் எழுதினார். ஒன்று அறக்கட்டளைக்கு, இன்னொன்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு. இரண்டிலும் முதல் வரி ஒன்றே: "இணைத்துள்ள பதிவேட்டின் வெப்பநிலைகள் எதுவும் அளந்து எழுதப்பட்டவை அல்ல, எழுதியவள் நான்."

அஷ்வினி எட்டிப் படித்துவிட்டுப் பதறினார். "அக்கா, சும்னே இருங்க, பேசாம விட்டுடுங்க. நீங்களே உங்களை மாட்டி விடறீங்க. ரிடையர்மெண்டுக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கு."

"நான் மாட்டினாத்தான் முப்பத்தேழை நம்புவாங்க."

"அதுல என் கையெழுத்தும் இருக்குக்கா. ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமையெல்லாம் நான்தானே எழுதறேன்."

"எழுதச் சொன்னது நான். அதையும் எழுதிட்டேன், ரெண்டாவது பக்கம் பார்."

அஷ்வினி பார்த்தார். பிறகு உருகிய மருந்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி, 'வழங்கக் கூடாது' என்று ஒட்ட ஆரம்பித்தார்.

நான்காம் நாள் துறையிலிருந்து இருவர் வந்து, பதினொரு வகை மருந்துகளை முத்திரையிட்டுச் சோதனைக்கு எடுத்துப் போனார்கள். அன்று மாலையே நிர்வாகத்திலிருந்து ஐவிக்குப் பணியிடைநீக்க உத்தரவு வந்தது. காரணம்: பதிவேட்டில் பொய்த் தகவல். வெளிப்பெட்டிகளைப் பற்றி உத்தரவில் ஒரு சொல் இல்லை. ஐவி அதை நின்றபடியே படித்தார், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டார், வெப்பமானியைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

கிடங்குச் சாவி இப்போது அஷ்வினியிடம் இருக்கிறது. சாவி கைக்கு வந்தபின் பதிவேட்டில் அவர் எழுதிய முதல் எண் முப்பத்தெட்டு. ஐவி மீதான விசாரணை மே பன்னிரண்டாம் தேதி காலை பதினொரு மணிக்கு, நிர்வாகப் பிரிவு அறையில்.