கவுன்சிலரின் மனுசன்

என் மனைவி கவுன்சிலராகத் தெரிவான அன்று, வாக்கு எண்ணிய மண்டபத்தில் அவளுக்கு வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் என் கையையும் பிடித்துக் குலுக்கினார்கள். நான் குடுத்து வைத்தவன் என்றார்கள். நான் சிரித்தபடியே நின்றேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தபோதும் அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் அடித்துக் கழுவினேன்.

அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது. கிழக்கு லண்டனில் நாங்கள் குடியிருக்கும் வட்டாரத்தில் எந்தக் கதவின் தபால் துவாரம் விரலைக் கடிக்கும், எந்த வீட்டு நாய் துண்டுப் பிரசுரத்தைக் கையோடு சேர்த்து இழுக்கும் என்பதெல்லாம் எனக்குத்தான் தெரியும். சனிக்கிழமைகளில் மழையில் நனைந்து கட்சிக்காக அலைந்தவன் நான். கவுன்சிலர் தேர்வுக்குக் கட்சி ஆள் தேடியபோது எனக்கு ஒரு வாக்குக் கூடட்டும் என்று அவளையும் உறுப்பினராகச் சேர்த்துவிட்டேன். அவள் டொக்டர் நோயாளிகளைப் பார்க்கும் சேர்ஜரியில் வரவேற்பு மேசையில் வேலை செய்பவள். அரசியல் பேசும் ஆள் இல்லை. கிளைக் கூட்டங்களுக்கு என்னோடு வந்து பின் வரிசையில் இருப்பாள்.

நேர்முகத்துக்கு என்னை அழைத்தார்கள். கட்சிக்காரர் மூன்று பேர் இருந்தார்கள். வீட்டு வசதி, அகதிகள், உலக சமாதானம் என்று நன்றாகவே பேசினேன். பிறகு, ஒரு வீட்டில் குப்பைத்தொட்டி தொடர்ந்து எடுக்கப்படாமல் கிடந்தால் அந்த வீட்டுக்காரருக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார்கள். கவுன்சிலில் ஒரு தீர்மானம் கொண்டுவருவேன் என்றேன். மூவரும் குனிந்து எழுதினார்கள்.

சில நாட்களில் கிளைச் செயலாளர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தொலைபேசியில் அழைத்தார். நான்தான் எடுத்தேன். குரலைக் கேட்டதும் இடம் எனக்குத்தான் என்று நினைத்தேன். அவர் என்னை அன்போடு நலம் விசாரித்துவிட்டு, உங்கள் மனைவி இருக்கிறாரா என்றார். ஏதோ ஒரு கூட்டத்தில் குப்பை பற்றிப் பேச்சு வந்தபோது, தெருவின் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் வேறு வேறு நாளில் எடுக்கிறார்கள், அதுதான் குழப்பம் என்று இவள் சொன்னாளாம். அதை அவர் மறக்கவில்லை. பெண் வேட்பாளர் ஒருவரையும் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

தொலைபேசியை வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்.

"வேண்டாமெண்டு சொல்லட்டே?"

"ஏன் சொல்லுவான்? தேர்தலில நில்லும்," என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அவள் வென்ற பிறகு அவளுடைய கவுன்சில் கூட்டங்களுக்கெல்லாம் போகத் தொடங்கினேன். பொதுமக்கள் பார்க்கலாம் என்பது சட்டம். பார்வையாளர் வரிசையில் பெரும்பாலும் நான் மட்டும்தான் இருப்பேன். தன் வீட்டுக்கு முன்னால் நிற்கும் மரத்தைப் பற்றி முறையிட ஒரு முதியவர் சிலவேளை வருவார். கவுன்சிலர்கள் கடந்த கூட்டத்தின் குறிப்பை ஏற்றுக்கொள்வார்கள். வராதவர்களின் மன்னிப்பைப் பதிவு செய்வார்கள். பிறகு வீதிக்குத் தார் போடுவது, தெருவிளக்கு மாற்றுவது, கடைக்காரர் நடைபாதையில் மரக்கறிப் பெட்டி வைப்பது என்று ஒவ்வொன்றாகப் போகும். கேட்பவருக்குத் தூக்கம் வரும். எனக்கு வராது. அவளுக்கு முன்னால் பெயர்ப்பலகை ஒன்று இருந்தது. எங்கள் குடும்பப் பெயர், என் அப்பாவின் பெயர், அதில் இருந்தது. அவள் பொத்தானை அழுத்தினால் ஒலிவாங்கியில் சிவப்பு விளக்கு எரியும். எல்லோரும் அவள் பக்கம் திரும்புவார்கள். அந்தச் சின்ன விளக்கைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

அவள் நீளமாகப் பேசுவதும் இல்லை. அதிகாரிகள் தந்த அறிக்கையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பாள், நன்றி சொல்வாள், விளக்கை அணைப்பாள். இதைக் கேட்க ஒரு ஆள் வேண்டுமா என்று நினைப்பேன். நானென்றால் எப்படிப் பேசியிருப்பேன் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது மனதுக்குள் முழுப் பேச்சையும் பேசி முடிப்பேன். அவள் பக்கத்தில் இருந்து சேர்ஜரிக்கு அடுத்த நாள் கட்டிக்கொண்டு போகச் சோறு இருக்கிறதா என்று கேட்பாள்.

கடைத்தெருவில் என் பெயர் மறைந்துபோனது. பக்கத்து ஊருக்குச் சாமான் வாங்கப் போனாலும், பிளேஸ்டோவில் ஒரு பிறந்தநாளுக்குப் போனாலும், "இவர்தான் கவுன்சிலரின்ர மனுசன்" என்று அறிமுகப்படுத்தினார்கள். உடனே தங்கள் தெருவின் பார்க்கிங் பெர்மிட் பிரச்சினையை என்னிடம் சொல்லி, அவவிடம் சொல்லிவிடச் சொன்னார்கள். தபால்காரன் வேலை.

இப்படி இருக்கும்போதுதான் வாங்குப் பிரச்சினை வந்தது. எங்கள் பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில், கடைகளுக்கு முன்னால், நாலைந்து பேர் உட்காரக்கூடிய நீளமான மர வாங்கு ஒன்று கிடக்கும். அதில் சிலர் இருந்து குடிக்கிறார்கள், சத்தம் போடுகிறார்கள் என்று முறைப்பாடு வந்ததால் அதை எடுத்துவிட அதிகாரிகள் பரிந்துரைத்திருந்தார்கள். வீதிகளைக் கவனிக்கும் குழுவில் அது விவாதத்துக்கு வந்தது. என் மனைவி அந்தக் குழுவின் துணைத் தலைவர். முன்கூட்டியே பதிவு செய்தால் பொதுமக்களில் ஒருவர் மூன்று நிமிடம் பேசலாம். நான் அவளிடம் சொல்லாமல் பதிவு செய்தேன். அவள் மேசையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் பேச வேண்டும். அதுதான் என் ஆசை. வாங்கு எனக்கு இரண்டாம் பட்சம்.

கூட்டத்தன்று மத்தியானம், தலைவருக்குக் காய்ச்சல், நீங்கள்தான் தலைமை தாங்க வேண்டும் என்று அவளுக்குச் செய்தி வந்தது. நிகழ்ச்சி நிரலைத் திறந்து பார்த்தவள் சமையலறைக்கு வந்தாள்.

"பேசுறவையளுக்கை உங்கட பேர் கிடக்கு."

"ஓம். குடியிருக்கிறவன் எண்ட முறையில கதைக்கப் போறன்."

"என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். நீங்கள் கதைக்கேக்கை நான் அந்தக் கதிரையில இருக்கேலாது. எழும்பவேணும்."

அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் கோபப்படவில்லை. சேலைக்கு ஊசி குத்தியபடி, மூன்று நிமிடத்துக்கு மேல் போகவேண்டாம், யார் தலைவராக இருந்தாலும் நிறுத்துவார்கள் என்று மட்டும் சொன்னாள்.

அன்று மாலை அவள் நடுக் கதிரையில் இருந்து கூட்டத்தைத் தொடங்கினாள். முன்னால் தண்ணீர்க் குடுவை, இரு பக்கமும் அதிகாரிகள். உண்மையைச் சொன்னால் அவள் அங்கே நன்றாக இருந்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. வாங்கின் முறை வந்ததும் அவள் ஒலிவாங்கியை அழுத்தி, இந்த விடயத்தில் பேச வந்திருப்பவர் என் கணவர், அதனால் இது முடியும்வரை நான் தலைமையையும் வாக்கையும் விட்டு விலகியிருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் அறிவித்தாள். எதிர்க்கட்சிக்காரர் ஒருவரைத் தலைமைக்குத் தெரிந்தெடுத்தார்கள். அவள் எழுந்து வந்தாள். நான் எழுந்து போனேன். நடைவழியில் ஒருவருக்கு ஒருவர் ஒதுங்கி வழி விட்டோம். பார்வையாளர் வரிசையில் என் கோட்டுக் கிடந்த கதிரையில், கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவள் இருந்தாள்.

எனக்கும் சிவப்பு விளக்கு எரிந்தது. எழுதிப் பாடமாக்கிய முதல் வசனங்கள் பெரிதாகத்தான் இருந்தன. மனித மாண்பு, சமூக நீதி. சொல்லிக்கொண்டே நிமிர்ந்தபோது ஒரு கவுன்சிலர் தன் தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார். அங்கால் என் மனைவி. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். எனக்குப் பாடமாக்கியது மறந்துபோனது.

பிறகு வாயில் வந்ததைச் சொன்னேன். எங்கள் மாடிக் குடியிருப்பில் ஒரு ஐயா இருக்கிறார், சிறுநீரக நோய்க்கு ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரித்துவிட்டு பஸ்ஸால் வருவார், அந்த வாங்கில் ஆறியிருந்த பிறகுதான் அவரால் வீட்டுக்கு நடக்க முடியும் என்றேன். வாங்கை எடுத்தால் குடிப்பவர்கள் நின்றுகொண்டு குடிப்பார்கள், அந்த ஐயாதான் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார் என்றேன். தொலைபேசிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். யாரோ சிரித்தார்கள், என்னோடு சேர்ந்துதான். நேரம் முடிவதற்கு முன்பே நான் பேச்சை முடித்துவிட்டேன். என் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

ஒரு பெண் கவுன்சிலர், வாங்கை எடுக்காமல் தெருவிளக்குக்குக் கீழே, கடை வாசலில் இருந்து பார்க்கக்கூடிய இடத்துக்கு நகர்த்தலாமே என்றார். அதிகாரி முடியும் என்றார். எல்லாக் கையும் உயர்ந்தது. என் மனைவி திரும்பி நடுக் கதிரைக்குப் போய், அடுத்த விடயம் என்றாள். அது சைக்கிள் நிறுத்துமிடம்.

பஸ்ஸில் மேல் தட்டில் இருந்தோம். அவளாகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில் நானே கேட்டேன்.

"எப்பிடி இருந்தது?"

"நல்லாக் கதைச்சனீங்கள்." யன்னலை விட்டு என் பக்கம் திரும்பினாள். "எனக்கு எரிச்சலா இருந்தது."

"ஏன்? சொல்லாமல் வந்ததுக்கோ?"

"அதுக்கில்லை. நான் இவ்வளவு காலமும் பேப்பரைப் பாக்காமல் ஒருநாளும் அதில கதைச்சதில்லை. பயம். நீங்கள் சும்மா வந்து கதைச்சுப்போட்டுப் போறீங்கள்."

அவளுக்குப் பயம் இருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்தச் சுருக்கமான கேள்விகளை அலட்சியம் என்று எண்ணியிருந்தேன். அவள் கையைப் பிடிக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்த நேரம் எனக்குள் பொங்கியது இரக்கமல்ல, சந்தோசம். என்னைப் பார்த்தும் ஒருவருக்கு எரிகிறதே என்ற சந்தோசம். அதை வெளியே காட்டாமல் இருக்க நானும் யன்னல் பக்கம் பார்த்தேன்.

சில வாரங்களில் வாங்கு விளக்குக்குக் கீழே வந்துவிட்டது. அந்த வழியால் போகும்போதெல்லாம் நடையை மெதுவாக்குவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் அதற்கு எதிரே இருக்கும் கடைக்கு மீன் வாங்கப் போனோம். கடைக்காரர் பிரான்சில் இருந்து குடிபெயர்ந்து வந்தவர், எங்களை விட இளையவர். கண்டதும் முகம் மலர்ந்து, கவுன்சிலர் அக்கா இல்லாவிட்டால் இந்த வாங்கு போயிருக்கும், வருகிற ஆட்கள் எல்லோருக்கும் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றார்.

நான் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக, தெளிவாகச் சொன்னாள்.

"இல்லைத் தம்பி. நான் அண்டைக்கு வாக்குக்கூடப் போடேல்லை. வெளியில வந்து இருந்தனான். இவர்தான் கதைச்சு வாங்கைக் காப்பாத்தினவர்."

கடைக்காரர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கும்பிடுகிற மாதிரி இரண்டு கையையும் சேர்த்தார்.

"இதுதான் அக்கா உங்கட பெருந்தன்மை. செய்யிறதையும் செய்துபோட்டு, பேரை மனுசனுக்குக் குடுக்கிறியள். அண்ணை, நீங்கள் குடுத்து வைச்சனீங்கள்."

கூடப் பத்து இறால் அள்ளிப் போட்டார். அவளுக்காக.

வெளியே வந்து சில அடிகள்கூடப் போகவில்லை, அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நடைபாதையில் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. நான் மீன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன், இன்னும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். எனக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. விடவில்லை. வீட்டுக்கு வந்து அவள் மீன் வெட்டத் தொடங்கிய பிறகு, குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, அவளுக்குக் கேட்காமல் சிரித்தேன்.