கத்தரித்துப் போட்ட ட்யூப்

எந்தப் பொருளை எடுத்தாலும் அதே வேலையைப் பாதி விலையில் செய்கிற இன்னொன்று எங்கேயோ விற்கிறது என்பது அம்மாவின் நம்பிக்கை. பைபிளுக்கு அடுத்தபடியாக அவள் நம்பியது அதைத்தான். குக்கர் கேஸ்கெட்டிலிருந்து என் ஸ்கூல் ஷூ வரை அப்படித் தேடிப் பிடித்தவைதான் எங்கள் செம்பாக்கம் வீடு முழுக்க. பெரும்பாலும் அவை நன்றாகவே உழைத்தன. அதனால் அந்த ட்யூபையும் யாரும் சந்தேகப்படவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எல்லாம் அக்கா வாங்கி வந்த ஒரு கண்ணாடி ஜாடியில் ஆரம்பித்தது. அக்கா அப்போதுதான் காலேஜ் முடித்து சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். காலையில் ராஜகீழ்ப்பாக்கத்தில் கம்பெனி பஸ் ஏறுவாள். நாள் முழுக்க ஏசியில் உட்கார்ந்து அவள் தோல் வறண்டுபோனது. நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழும். கன்னம் எரிகிறது என்று முதல் சம்பளத்தில் வேளச்சேரி மாலில் ஒரு கிரீம் வாங்கினாள். அம்மா அதன் அடியில் ஒட்டியிருந்த விலையைப் பார்த்துவிட்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். இந்த ஜாடிக்குள் இருப்பது என்ன, இதையே மலிவாக எங்கே பிடிக்கலாம் என்ற ஆராய்ச்சி அன்றைக்கே தொடங்கியது. தாம்பரத்தில் அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் அறையில் அது ஒரு வாரம் விவாதிக்கப்பட்டது என்று பிறகு தெரிந்தது.

விடை சேலையூர் பெரியம்மாவிடம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தவர், கைப்பையைத் திறந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு காலி ட்யூபை எடுத்தார். பிழிந்து பிழிந்து தகடாகியிருந்தது.

"மாலும் வேணாம், பார்லரும் வேணாம். மெடிக்கல் ஷாப்ல இதைக் காட்டு, தருவான். எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு பதினஞ்சு நாள்ல எப்படி ஆயிட்டா தெரியுமா?"

அந்த ட்யூபுக்கு ஒரு வம்சாவளி உண்டு. எப்போதோ ஒரு டாக்டர், யாரோ ஒரு பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பின் கன்னத்தில் விழுந்த கருந்திட்டுக்காகக் கொஞ்ச நாளைக்கு மட்டும் எழுதிக் கொடுத்தது அது. சீட்டு தொலைந்துபோயிற்று. ட்யூப் தொலையவில்லை. தீர்ந்துபோன ட்யூபைக் கடையில் நீட்டி இதே மாதிரி ஒண்ணு என்று கேட்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். காலி ட்யூபே சீட்டு. அப்படி அது தங்கைக்குப் போய், மைத்துனிக்குப் போய், மாடி வீட்டுக்குப் போய், எங்கள் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அப்பா ஆபீஸிலிருந்து வரும் வழியில் அதை நீட்டினார். கடைக்காரர் யாருக்கு, எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்கா கேட்டது வறட்சிக்கு. இவர்கள் தேடிக் கொடுத்தது நிறத்துக்கு. அந்த வித்தியாசம் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. அக்கா அப்பா நிறம். நானும் அப்பா நிறம்தான், ஆனால் எனக்குப் பத்து வயது என்பதால் என்னைப் பற்றிக் கவலைப்பட இன்னும் நேரம் இருந்தது. அதே நிறத்தில் அப்பாவும் இத்தனை காலமாக நடமாடிக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் ஒரு சோப்புகூட சிபாரிசு செய்ததில்லை.

அக்கா முதலில் மாட்டேன் என்றாள். வரன் பார்க்க ஆரம்பித்திருந்த நேரம். அம்மா இரண்டு நாள் சாப்பாட்டில் கோபத்தைக் காட்டினாள், அக்கா வழிக்கு வந்தாள்.

ட்யூப் வேலை செய்தது. அதுதான் கொடுமை. ஒரே மாதத்தில் அக்காவின் முகம் பளபளவென்று வெளுத்தது. கழுத்து மட்டும் பழைய நிறத்தில் நின்றது. சர்ச் வாசலில் ஆன்ட்டிகள் அவள் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்கள். அம்மா ஆள் பார்க்காமல் எல்லோருக்கும் காலி ட்யூப் விநியோகித்தாள். பல்லாவரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து பார்த்துப் போய், மறுநாளே சம்மதம் சொன்னது. ஜனவரியில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

அதற்குள் அக்கா துப்பட்டாவால் முகத்தை மூடாமல் தெருவில் இறங்க முடியாதபடி ஆகியிருந்தது. வெயில் பட்டால் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிகிறது என்பாள். கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் ஓடின, தாடையோரம் பூனைமுடி வளர்ந்தது. ஒரு நாள் போடாமல் விட்டால் முகம் சிவந்து தடிக்கும், போட்டால் அடங்கும். பார்த்தியா, விட்டாத்தான் பிரச்சினை, போட்டா சரியாயிடுது என்று அம்மா அதையும் ட்யூபின் கணக்கில் வரவு வைத்தாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு போட்டு வந்தாள்.

இந்த இடத்தில் என் ஆசையைச் சொல்ல வேண்டும். ஞாயிறு பள்ளியின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் நான் ஒவ்வொரு வருடமும் மேய்ப்பன். தலையில் துண்டைக் கட்டி, ஒட்டடைக் குச்சியை ஊன்றிக்கொண்டு ஓரத்தில் நிற்பேன். தேவதூதர் வேடம் சிவப்பான பிள்ளைகளுக்குப் போகும். டீச்சர் அப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்களைச் சுற்றிப் பார்ப்பார், கை தானாக அவர்கள் பக்கம் நீளும், அவ்வளவுதான். தேவனுடைய தூதர்கள் என்ன நிறம் என்று அவரிடம் இன்றைக்குக் கேட்கலாம் போலிருக்கிறது. அன்றைக்குக் கேட்கத் தெரியவில்லை. அம்மாவிடம் போய் எனக்கும் அந்தக் கிரீம் போட்டுவிடு என்றேன்.

அம்மா சந்தோஷமாகப் போட்டுவிட்டாள். இவளுக்கு இப்பவே ஆரம்பிச்சா பின்னாடி கஷ்டம் இல்லை என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

ஒரு நாள் சாயந்தரம் அக்கா வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டாள். நான் ட்யூப் லைட்டுக்குக் கீழே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். முகத்தில் கிரீம் மின்னியிருக்க வேண்டும். அக்கா கிட்டே வந்து முகர்ந்து பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், வாஷ்பேசினில் தலையைக் குனியவைத்து, சோப்புப் போட்டுத் தேய்த்தாள். நான் கத்தினேன். விடவில்லை. மறுபடி தேய்த்தாள்.

"நல்லாத்தானே ஒத்துக்குது அவளுக்கு" என்றாள் அம்மா.

அக்கா அலமாரியைத் திறந்து, கல்யாணம் வரை வேண்டும் என்று அம்மா வாங்கி வைத்திருந்த புது ட்யூப்களை அள்ளி வந்து, ஒவ்வொன்றாகப் பிதுக்கி பேசினில் விட்டாள். அதோடும் நிற்கவில்லை. அம்மாவின் தையல் கத்தரியை எடுத்து காலி ட்யூப்களைப் பெயர் தெரியாதபடி பொடிப்பொடியாகக் கத்தரித்துப் போட்டாள். யாரும் எடுத்துக்கொண்டுபோய் எந்தக் கடையிலும் நீட்ட முடியாது. நான் அழுதேன். அழுகையை நிறுத்த ஓர் அறை விட்டாள். அக்கா என்னை அடித்தது அந்த ஒரு முறைதான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. தான் மட்டும் வெளுத்துவிட்டாள், கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது, நான் வெளுக்கப்போகும் நேரத்தில் பொறாமையில் பிடுங்கிக்கொண்டாள் என்று உறுதியாக நம்பினேன். அந்த வருடமும் நான் மேய்ப்பன்தான். அக்காவோடு பேச்சை நிறுத்தினேன்.

கிரீமை நிறுத்திய மூன்றாம் நாளே அக்காவின் முகம் வீங்கத் தொடங்கியது. கன்னமெல்லாம் கொப்புளம். நீர் வடிந்து தலையணை உறையில் ஒட்டிக்கொண்டது. அம்மா எங்கிருந்தோ ஒரு ட்யூபை மறைத்து வாங்கி வந்து கெஞ்சினாள்.

"கல்யாணம் வரைக்கும் மட்டும் போடுடி. சின்னவளுக்கு சத்தியமா போட மாட்டேன்."

"வீட்டுல இருந்தா போடுவீங்கம்மா" என்றாள் அக்கா.

அந்தச் சமயத்தில்தான் பல்லாவரத்துக்காரர்கள் கல்யாணப் புடவை எடுக்க அழைத்துப்போக வந்தார்கள். மாப்பிள்ளை வாசலில் போனைப் பார்த்தபடி நின்றார். அவருடைய அம்மா உள்ளே வந்து அக்காவை ஏறிட்டுப் பார்த்தார், காபி வேண்டாம் என்றார். இப்படி ஒரு வியாதி இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். பிறகு எங்கள் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, கண்ணை மூடி, இந்த மகளுக்குப் பூரண சுகம் தாரும் ஆண்டவரே என்று நீளமாக ஜெபித்தார். அக்காவும் ஆமென் சொன்னாள். மறுநாள் போனில் கல்யாணம் வேண்டாம் என்றார்கள். என் வாழ்க்கையில் நான் கேட்ட ஜெபங்களில் அதைப் போல அருவருப்பான ஒன்று இல்லை.

அம்மா அன்றைக்குத்தான் அக்காவைத் தாம்பரத்தில் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். வீட்டில் ஆள் இல்லாததால் நானும் போனேன். மறைத்து வைத்திருந்த ட்யூபை அம்மா கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அந்த டாக்டரம்மா அதைத் திருப்பிப் பார்த்து, யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டார். எல்லோரும் போடுவதுதான் என்றாள் அம்மா.

"இது க்ரீம் இல்லம்மா, மருந்து. ஸ்டீராய்டு இருக்கு. மாசக்கணக்கா முகத்துல போட்டா தோல் இப்படித்தான் ஆகும்" என்று சொல்லி அதைக் குப்பைக்கூடையில் போட்டார். வாசனை இல்லாத சாதாரண லோஷன் ஒன்றும், வெயிலுக்குப் பூச ஒன்றும், சில மாத்திரைகளும் எழுதினார். அந்த லோஷன் மெடிக்கல் ஷாப்பின் கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடந்தது. பெரிய பாட்டில், ட்யூபைவிட விலை குறைவு. அக்காவின் கண்ணாடி ஜாடி செய்த வேலையை அது அப்படியே செய்தது. அம்மா அதை முதல் வாரமே கண்டுபிடித்திருக்கலாம், வறட்சிக்கு ஒன்று என்று கேட்டிருந்தால் போதும். அக்கா முகம் தேற ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று, அந்தச் சிவப்பு நரம்புகள் முழுதாகப் போகவே இல்லை. பெரியம்மா இன்றுவரை அதெல்லாம் அவள் உடம்புச் சூடு என்கிறார். நான் அவர் வீட்டுக்குப் போவதில்லை.

கடையிலிருந்து வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். அம்மா வெளியே பார்த்துக்கொண்டு அழுதாள். அக்கா நடுவில், துப்பட்டாவுக்குள் வீங்கிய முகத்தோடு, வெயில் என்மேல் படாதபடி கையைக் குறுக்கே நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். எனக்குப் போடவிடாமல் கிரீமையெல்லாம் பிதுக்கிக் கொட்டினாளே, அதற்கு ஆண்டவர் கொடுத்த தண்டனை இது என்று நான் நினைத்துக்கொண்டேன். என் கன்னம் கறுப்பாக, வழவழப்பாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.