தொப்புள் உள்ள கோலிகள்

அந்தக் காலத்தில், வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காக உண்டான எங்கள் கன்டோன்மென்டில், நல்ல பொருள் எல்லாம் ஜெர்மனியில் செய்ததாக இருந்தது. கத்தரிக்கோல், ஆர்மோனியம், சுவர்க் கடிகாரம், எது நன்றாக உழைத்தாலும் ஜெர்மன். வாங்கிய வாரமே உடைந்தால் ஜப்பான். ஜெர்மனி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்களும் இதை உறுதியாகச் சொன்னார்கள். என் மாமனாருக்கு அந்தத் திசை தெரியும். அதனால் அவரிடம் வாதாடுவது இன்னும் கஷ்டம்.

ராணுவக் கணக்கு அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்றவர் அவர். காக்ஸ் டவுனில் ஓட்டு வீடு. மற்றவர்கள் கூடத்து அலமாரியில் வெள்ளித் தம்ளர் வைப்பார்கள். இவர் கோலிக்குண்டுகள் வைத்திருந்தார். பிரசவ ஆஸ்பத்திரித் தொட்டில்களைப் போல, பஞ்சில் தனித்தனிக் குழி. வருகிறவர்கள் காப்பிக்கு முன் அவற்றைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு வியக்க வேண்டும். வியப்பு போதவில்லை என்றால் காப்பி தாமதமாகும். எல்லாம் ஜெர்மனியில் கையால் செய்தவை என்று கமர்ஷியல் தெருக் கடைக்காரன் ஒருவன் சத்தியம் செய்து விற்றிருந்தான்.

ஐம்பதுகளின் கடைசியில், என் அண்ணனோடு அந்த வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனேன். கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் வேலை எனக்குப் புதிது. புது வேலைக்காரனுக்கு வரும் தோரணை முழுவதும் வந்திருந்தது. அலமாரியைப் பார்த்த அண்ணன், இதையெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆடக் கேட்பார்களே என்றார். சம்பந்தம் அங்கேயே முறிந்திருக்கும். நான் குனிந்து, கண்ணாடியில் மூக்கு படும் அளவு நெருங்கிப் பார்த்து, பெரிய மனிதர் மனதைத் தேற்றினேன்.

பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. நிறமற்ற கண்ணாடி, நடுவில் பூனைக் கண்ணைப் போல வண்ண இதழ்கள், ஓரத்தில் சிறு குமிழிகள், எங்கும் வழவழப்பு. இதே கோலிகளை, ஜப்பான் என்று அச்சிட்ட அட்டை தைத்த வலைப்பையில், சிக்பேட்டையில் அண்ணன் மகனுக்கு நானே வாங்கிக் கொடுத்திருந்தேன்.

பெண் மத்தூர் வடைத் தட்டோடு வந்தாள். இவளும் கோலி சேர்க்கிறாள் என்று அப்பா சிரித்தார். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போன சமயத்தில் வீட்டுக்கு வீடு ஏலம் நடந்தது. ஏலத்தில் அவர் ஒரு சாய்ந்தாடும் நாற்காலி எடுத்தார். அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது ஒரு துணிப்பை. உள்ளே இருந்த கோலிகளில் இரண்டு பக்கமும் வடு இருந்ததால், கழிசல் என்று சின்னப் பெண்ணாக இருந்த மகளிடம் கொடுத்துவிட்டார். பையைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார், வேடிக்கைக்காக.

அவள் ஒரு கோலியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே சிவப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் முறுக்கிக்கொண்டு போயின.

"இந்தத் தொப்புள்ல ஆரம்பிச்சு அந்தத் தொப்புள்ல முடியுது பாருங்க. பம்பாய் மிட்டாய்க்காரன் இழுத்து முறுக்கி அறுக்கிற மாதிரி, யாரோ கண்ணாடிய அறுத்திருக்காங்க. இதுதான் கைவேலை. அப்பாவோடதுக்குத் தொப்புளே இல்ல. மெஷின் பெத்தது."

அண்ணனுக்கு வடை தொண்டையில் சிக்கியது. பெண் பார்க்கும் கூடத்தில், பெண்ணே, ஒரே மூச்சில் தொப்புளையும் பெறுவதையும் பேசிவிட்டாள். அப்பா முகம் சுருங்கியது. கோலிக்காகவா தொப்புளுக்காகவா என்று சொல்ல முடியாது.

"தம்பி, நீங்க கெமிஸ்ட்ரி. நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். வெட்கமெல்லாம் இல்லை. படித்த ஒருவன் வந்திருக்கிறான், இனி அப்பாவுக்குப் புரியும் என்ற நம்பிக்கை.

அவள் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. பரிசோதனைச் சாலையில் கண்ணாடிக் கோலைச் சுடரில் உருக்கி இழுத்து அறுத்தவன் நான். அறுத்த இடத்தில் அதே வடு விழும். ஆனால் பெண்ணைக் கொடுக்கப் போகிறவர் அப்பா. நான் அவரைப் பார்த்துச் சொன்னேன்.

"வடு இருந்தா அது குறைதான் சார். நல்ல கைவேலைன்னா வடு தெரியாது."

போதாதென்று பாகுநிலை, குளிரும் வேகம் என்று இரண்டு பெரிய சொற்களையும் சேர்த்துக்கொண்டேன். காப்பி உடனே வந்தது. முகூர்த்தமும் அதிகம் தள்ளிப்போகவில்லை. என் வாழ்நாளில் வேதியியலால் நான் அடைந்த பெரிய லாபம் அதுதான்.

அந்த வாரமே அவர் மகளின் பையை அவிழ்த்து, தண்ணீர் தேங்காமல் இருக்கட்டும் என்று குரோட்டன்ஸ் தொட்டிகளின் அடியில் கொட்டி மண் நிரப்பினார். விஞ்ஞானமே தீர்ப்புச் சொன்ன பிறகு கழிசலை வீட்டில் வைப்பானேன்? தினமும் அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. கல்யாணம் வரை ஊற்றினாள்.

கல்யாணமாகிச் சில மாதம் கழித்துக் கேட்டாள்: "அன்னிக்குத் தெரிஞ்சு சொன்னீங்களா, தெரியாமலா?"

தெரியாது என்றேன். பொய்யன் என்பதைவிட மக்கு என்பது மரியாதையாகத் தோன்றியது. அவள் முகம் தெளிந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்குப் பாடம் தொடங்கியது. கடைவீதியில் எங்கே கோலியைப் பார்த்தாலும் நின்று விளக்குவாள். சோடா பாட்டில் கோலி ஏன் பச்சையாக இருக்கிறது, குமிழி எப்படி வருகிறது, முறுக்கு எந்தப் பக்கம் போகிறது. நான் தலையாட்டுவேன். வீட்டுக்கு வரும் என் மாணவர்களிடம், உங்க சாருக்குக் கண்ணாடி விஷயம் மட்டும் வராது என்று சொல்லுவாள். பையன்கள் மரியாதையாகச் சிரிப்பார்கள். காலையில் வகுப்பில் கண்ணாடியைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசியிருப்பேன்.

மாமனார் படுக்கையில் விழுந்தார். அலமாரியைக் கட்டிலுக்கு எதிரே நகர்த்தி வைத்துக்கொண்டார். அவரைப் பார்க்கப் போயிருந்த ஒரு மாலை, அவள் என்னை வீட்டு நடைப் பக்கம் தனியாக அழைத்துப்போனாள்.

"இப்பத்தான் எல்லாம் கத்துக்கிட்டீங்களே. நான் சொன்னது சரின்னு அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாரு. அவரோடத மட்டமா பேச வேணாம். என்னோடது கைவேலைன்னு சொன்னாப் போதும்."

போய்க் கட்டிலருகே உட்கார்ந்தேன். அவள் அறை வாசற்படியில் நின்றாள். அவள் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணைத் திறந்தார். அப்படியானால் அன்று ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று அந்தக் கணக்கு அலுவலகக்காரர் கேட்பார் என்று தோன்றியது. பிறகு அவளும் கேட்பாள். விஷயம் இருக்கிற மாதிரி தோன்றும், ஆனால் வடு வடுதான் என்று முடித்தேன்.

"பொண்டாட்டிக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கப் பார்த்தீங்க மாப்பிள்ளை" என்று அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று.

அந்த மாதமே போய்விட்டார், ஜெர்மனியை எதிரே வைத்துக்கொண்டு. வடு வடுதான் என்று நான் முடித்த அந்த மாலை, வீடு திரும்பும் வழியில் அவள் கோபித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"விடுங்க. தலையில ஏறாதத எப்படிச் சொல்லுவீங்க, பாவம்."

அவள் சாகும்வரை அப்படியே நினைத்திருந்தாள். நான் அதைத் திருத்தவில்லை.