உச்சமுனையில் ஏறிய நாலாவது ஆள்

இப்படியான அனுபவங்களை எழுதுகிறவர்கள் முதல் வரியிலேயே பிள்ளைமேல் சத்தியம் செய்வார்கள். நான் செய்யப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. எனக்கு நடந்தது, என் கணவருக்கு நடந்தது, என் மச்சாளுக்கும் நடந்தது. போட் ஓட்டிய ஜபார் நானாவும் கூடவே இருந்தார். நம்பாதவர்கள் கற்பிட்டிக்கு வந்து அவரிடமே கேட்கலாம். அவர் வாய் திறப்பாரா என்பது வேறு விசயம்.

என் பெயர் மெரினா. என் கணவர் ஜூட் வான் ஓட்டுகிறார். டொல்பின் பார்க்க வருகிறவர்களை ஹோட்டல்காரர்களுக்காக ஏற்றி இறக்கி அலுத்துப்போய், நாங்களே ஒரு சுற்றுலா நடத்துவோம் என்று போன வருடம் துணிந்தோம். ஓட்டம் அவருடையது. திட்டம் என்னுடையது. எனக்குத் திட்டம் போடுவதென்றால் பைத்தியம். கலியாண வீட்டுக்குப் போனாலும் எத்தனை மணிக்கு எந்தச் சந்தியில் நிற்கவேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் படலையைத் திறப்பேன். ஜூட் என்னைப் 'பெரிய பொலிஸ்' என்பார்.

சுவிஸிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் எங்கள் முதல் விருந்தினர்களாக வருவதாக இருந்தது. காலையில் கடலில் டொல்பின், பிறகு கோட்டை, மத்தியானம் போட்டில் களப்பைக் கடந்து உச்சமுனையில் சாப்பாடு, பொழுது சாயத் தலவில் கோயில். மறுநாள் புத்தளம் உப்பளம், அப்படியே சிலாபம். எங்கள் கரையில் ஒவ்வொரு இடமும் தனித்தனியே அழகுதான். அவற்றைக் கோர்ப்பதில்தான் தலையிடி. காற்று எழும்ப முன்னர் களப்பைக் கடக்க வேண்டும், வெயில் ஏற முன்னர் உப்பளம் பார்க்க வேண்டும். அதனால் ஒரு சனிக்கிழமை ஒத்திகை பார்த்தோம். நான், ஜூட், அவருடைய அக்கா மார்த்தா மச்சாள், எங்கள் மகள் அஜித்தா. அவளுக்கு எட்டு வயது.

ஒவ்வொரு இடத்திலும் வெளிக்கிடும்போது ஆள் எண்ணுவது என் சட்டம். நான் "ஒண்டு" என்பேன். ஜூட் "ரெண்டு", மச்சாள் "மூண்டு". கடைசியில் அஜித்தா ஊருக்கே கேட்கும்படி "நாலேய்!" என்று கத்துவாள். அன்று காலை கோட்டை வாசலில் அவள் கத்திய கத்தில் காவலுக்கு நின்றவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

உச்சமுனைக்கு ஜபார் நானாவின் போட்டில் போனோம். அங்கே அல்பொன்சா அக்கா எங்களுக்குச் சோறும் மீன்குழம்பும் சமைத்து வைத்திருந்தார். விருந்தினர் வரும்போதும் அவரே சமைப்பதாகப் பேசி, என் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டார். ருசிக்குக் குறைவில்லை. ஆனால் சாப்பாடு பிந்திவிட்டது. இரண்டரைக்கு வெளிக்கிட வேண்டிய நாங்கள் நாலரைக்கும் கரையில் நின்றோம். காற்று எழும்பிவிட்டது. ஜூட் வலை பொத்துகிறவர்களோடு கதையில் இருந்தார். மச்சாள் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அஜித்தா கண்டல் மரங்களின் பக்கம் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒருவருக்கும் அவசரம் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கத்தினேன்.

"வாற ஆக்கள் எல்லாரும் வந்து ஏறுங்கோ! போட் வெளிக்கிடப் போகுது!"

ஜபார் நானா என்ஜின்மேல் வைத்த கையை எடுத்தார்.

"தங்கச்சி, அப்புடிக் கூப்புடப்படாது."

"ஏன் நானா?"

"இந்தக் கரையில பொதுவாக் கூப்புடுற பழக்கம் இல்ல. பேரைச் சொல்லித்தான் கூப்புடுவோம். பேர் இல்லாததும் கேட்டுக்கிட்டு நிக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சுவிஸ்காரருக்கு இந்தக் கதையைச் சொன்னால் ரசிப்பார்கள் என்று மனதில் குறித்துக்கொண்டேன். முன் பலகையில் போய் உட்கார்ந்து, போனில் தலவிலுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்று பார்த்துக்கொண்டே எண்ணத் தொடங்கினேன்.

"ஒண்டு."

"ரெண்டு."

"மூண்டு."

கொஞ்சம் தாமதம்...

"நாலு."

மெல்லிய குரல். கத்தவில்லை. திரும்பிப் பார்த்தேன். அஜித்தா லைஃப் ஜாக்கெட்டோடு, தலையில் துவாயைப் போர்த்துக்கொண்டு, முகத்தை முழங்காலில் புதைத்தபடி உட்கார்ந்திருந்தாள். களைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

என்ஜின் உறுமியது. அந்தச் சத்தத்துக்குள் இன்னொரு தடவை "நாலு" என்று கேட்டது போல இருந்தது. எதிரொலியாக்கும் என்று விட்டுவிட்டேன். தட்டையான களப்பில் எதிரொலிப்பதற்கு என்ன இருக்கிறது என்று அப்போது யோசிக்கவில்லை.

வழி முழுக்க ஜபார் நானாவின் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. அஜித்தாவுக்குப் பிஸ்கட் நீட்டினேன். தலையை அசைத்து வேண்டாம் என்றாள். சும்மா நாளில் பெட்டியோடு பறிப்பவள். கையைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

கரையில் இறங்கி வானில் ஏறினோம். லைஃப் ஜாக்கெட்டுகள் நாங்கள் சொந்தமாக வாங்கியவை. மற்றவர்கள் கழற்றினோம். அவள் கழற்ற மறுத்தாள். கடைசி சீட்டில் போய்ச் சுருண்டு படுத்து, துவாயை இழுத்து மூடிக்கொண்டாள். நான் அடுத்த இடத்தின் கணக்கில் இருந்தேன். சூரியன் விழ முன்னர் தலவிலுக்குப் போக வேண்டும். போகிற வழியில் குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயத் தோட்டம் காட்டலாமா என்றும் பார்க்க வேண்டும்.

குறிஞ்சிப்பிட்டியை நெருங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அம்மா..."

"என்ன பிள்ளை?"

"திரும்பி அங்க போகாதீங்கோ."

"ஆர் போறது? நாளைக்கு உப்பளம் எல்லோ."

"ஆர் கூப்பிட்டாலும் போகாதீங்கோ அம்மா."

அந்தக் குரல் நடுங்கியது. காய்ச்சல் வரப்போகிறதாக்கும் என்று நினைத்தேன். மச்சாள் என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன்.

5.52. போன் அடித்தது.

அல்பொன்சா அக்கா.

"தங்கச்சி, எங்க நிக்கிறீங்கள்? உங்கட பிள்ளை இங்க நிண்டு அழுகுது. விட்டிட்டுப் போட்டீங்களே!"

எனக்கு விளங்கவில்லை.

"எந்தப் பிள்ளை அக்கா?"

"உங்கட மகள்தான். இந்தா, கதைக்குது."

மூச்சு வாங்கும் சத்தம். விம்மல். பிறகு...

"அம்மா..."

அஜித்தாவின் குரல்.

நான் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. ஜூட்டின் தோளை மட்டும் பிடித்தேன். அவர் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார்.

அவர் முகம் மாறியது.

பிரேக் கிறீச்சிட்டது.

திரும்பினேன்.

சீட்டில் லைஃப் ஜாக்கெட் கிடந்தது. கொளுவிகள் மூன்றும் பூட்டியபடி. உள்ளே ஆள் இல்லை. துவாய் ஈரமாக அதன்மேல் கிடந்தது. சீட்டுக்குக் கீழே அவளுடைய ரோஸ் நிறச் செருப்பு, சோடி சேர்ந்து...

வானின் கதவு பூட்டித்தான் இருந்தது.

மச்சாள் கத்தினார். அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

ஜூட் வானைத் திருப்பினார். மச்சாள் 'அருள் நிறைந்த மரியே' சொல்லத் தொடங்கி, பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னார். எனக்கு ஒரே எண்ணம்தான். என் பிள்ளை அங்கே தனியாக நிற்கிறாள். இவ்வளவு நேரமும் எதையோ என் பிள்ளை என்று கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தக் குளிர்ந்த கையைத் தொட்ட என் கையைச் சீலையில் துடைத்துத் துடைத்துத் தோல் சிவந்துவிட்டது.

கரைக்கு வரும்போது மஃரிப் தொழுகை முடிந்து ஜபார் நானா பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னோம். அவர் நேரே போட்டில் ஏறினார்.

உச்சமுனையை நெருங்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. டோர்ச் வெளிச்சத்தில் அல்பொன்சா அக்கா தெரிந்தார். பக்கத்தில் அவர் கையைப் பிடித்தபடி ஒரு சின்ன உருவம்.

"இறங்காதீங்க," என்றார் ஜபார் நானா. "பேரைச் சொல்லிக் கூப்புடுங்க."

"அஜித்தா!"

அசையவில்லை.

"அஜித்தா!"

தலையைச் சரித்து, கேட்பது போல நின்றது.

"அஜித்தா! அம்மா வந்திருக்கிறன், வாடி செல்லம்!"

அப்போதுதான் ஓடி வந்தாள். முழங்கால் தண்ணீருக்குள் பாய்ந்து, அவளை அள்ளிப் போட்டில் போட்டேன். தலைமயிர் ஈரம். உடம்பில் கண்டல் சேற்று மணம். அல்பொன்சா அக்கா ஏதோ சொல்ல வந்தார். எனக்கு நிற்கப் பொறுமையில்லை. "போங்கோ நானா, போங்கோ!" என்று கத்தினேன்.

போட்டில் அவள் என் மடியில் இருந்தபடி சொன்னாள்.

"நீங்க எண்ணேக்க நானும் நாலு எண்டு சொன்னன் அம்மா. அவ முதல் சொல்லிட்டா."

நான் அவளை இறுக்கிக் கட்டிப்பிடித்து அழுதேன். பிள்ளை கிடைத்துவிட்டாள். அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

ஃபாதரைக் கூப்பிட்டு வீட்டை மந்திரித்தோம். வானுக்கும் தீர்த்தம் தெளித்தோம். சுவிஸ் குடும்பம் வந்து போனது. உச்சமுனையைத் திட்டத்திலிருந்து வெட்டிவிட்டேன். மற்ற எல்லா இடங்களிலும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித்தான் ஏற்றினேன். 'இந்த அம்மாவுக்கு என்ன ஞாபக சக்தி' என்று அவர்கள் புகழ்ந்தார்கள். நானும் சிரித்தேன்.

அஜித்தா பள்ளிக்கூடம் போகிறாள். பாடம் ஒப்புவிக்கிறாள். செபம் மறக்கவில்லை. முன்னைவிடச் சத்தம் குறைவு. செருப்புப் போட மட்டும் மாட்டாள், கடிக்கிறது என்பாள். ரோஸ் செருப்பை நீட்டினால் தொடவே மாட்டாள். அதைக் கழுவி அலுமாரியில் வைத்துவிட்டேன். பயந்த பிள்ளை, போகப்போகச் சரியாகும் என்றார் ஜூட்.

மச்சாளும் எங்களோடுதான் இருக்கிறார். இரவில் செபமாலை முடித்துக் கதவைப் பூட்டும்போது நாலு பேரையும் எண்ணிப் பூட்டுவது அதற்குப் பிறகு வந்த பழக்கம். ஒரு வெள்ளிக்கிழமை, எட்டு மணி இருக்கும்.

"ஒண்டு."

"ரெண்டு."

"மூண்டு."

"நாலு," என்றாள் அஜித்தா.

தாழ்ப்பாளைப் போட்டேன்.

வெளியே... களப்புப் பக்கமிருந்து...

"நாலேய்..."

தூரத்தில். மெல்லியதாக. தொண்டை கட்டிய பிள்ளையின் குரல் போல.

ஜூட்டுக்கும் கேட்டது. மச்சாளுக்கும் கேட்டது. அஜித்தா மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அது எங்களைத் தேடி வந்துவிட்டது என்று நினைத்தேன். யன்னல்களைப் பூட்டினேன். வாசலில் தீர்த்தம் ஊற்றினேன். "போ! இங்க உனக்கு இடமில்லை, போ!" என்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினேன். வெளியே அழுகைச் சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. இரண்டொரு நாள் விட்டுவிட்டு அது வந்தது. நான் ஒவ்வொரு முறையும் விரட்டினேன்.

ஆவணியில் தலவில் திருநாள். சனத்துக்குள் அல்பொன்சா அக்காவைக் கண்டேன். அஜித்தா ஜூட்டோடு முன்னால் போய்விட்டாள். அன்று கூப்பிட்டுச் சொன்னதற்கு நன்றி சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க தங்கச்சி, மற்றப் பிள்ளையைக் காணேல்ல?"

"எந்தப் பிள்ளை?"

"ரெட்டைப் பிள்ளையள் எல்லோ? மத்தியானம் சாப்பிடேக்க ஒண்டைத்தான் கண்டனான். ரோஸ் செருப்புப் போட்ட பிள்ளை. சாப்பிட்டிட்டு 'நல்லா இருக்கு மாமி' எண்டு சொன்னது. பின்னேரம் அது செருப்போட போட்டில ஏறினதையும் நான் கரையில நிண்டு பாத்தனான். போட் போனாப் பிறகுதான் மற்றது கண்டலுக்குள்ளால நடந்து வந்தது. காலில செருப்பில்லை, உடம்பெல்லாம் ஈரம். முகம் அப்பிடியே ஒண்டு. அதுதான் உங்களுக்குப் போன் எடுத்தனான்."

கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. என் காதில் அது விழவில்லை.

'ஆர் கூப்பிட்டாலும் போகாதீங்கோ அம்மா.'

வானில் நடுங்கிக்கொண்டு அதைச் சொன்ன பிள்ளை... செருப்பைச் சோடியாகக் கழற்றி வைத்த பிள்ளை...

பெயர் இல்லாத ஒன்றைக் கரையில் நின்று கூப்பிட்டவள் நான். இருட்டில் திரும்பிப் போய், மூன்று தரம் என் மகளின் பெயரைச் சொல்லி அதற்குக் கொடுத்தவளும் நான்.

இதை எழுதும்போது மணி 7.40. முன்னறையில் செபமாலை முடியப் போகிறது. அஜித்தா என்று நான் கூப்பிடுகிற பிள்ளை கதிரையில் வெறுங்காலை ஆட்டிக்கொண்டு என்னையே பார்க்கிறது.

இன்று நான் கதவைப் பூட்டப் போவதில்லை. ரோஸ் செருப்பை வாசற்படியில் வைத்திருக்கிறேன்.