நிக்கலஸ் டிராமிலிருந்து இறங்கிய விதம்

"நிக்கலஸ், வயது பத்தொன்பது, நிலையான வதிவிடம் அற்றவன். பயமறியாதவன். கொட்டாஞ்சேனைச் சந்தையில் தங்கும் இளைஞரை ஆபத்தான காரியங்களுக்கு இட்டுச்செல்லும் தலைவன்."

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த வருடத்துப் பொலிஸ் குறிப்பு இது. இதில் வதிவிடம் பற்றிய பகுதி சரி.

தலைவருக்குக் கரப்பான் பூச்சியைக் கண்டால் உயிர் போகும். மாதா கோயில் திருவிழா வெடிக்குக் காதைப் பொத்திக்கொண்டு நிற்பார். ஆனாலும் துறைமுகத்தில் மூட்டை சுமந்துவிட்டுத் திரும்பும் மாலைகளில், ஓடும் டிராமிலிருந்து வளைவில் குதிப்பார். ஏனென்றால் கூட்டாளி ஹமீட் குதிப்பான். ஹமீட் ஏன் குதித்தான்? தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார். தனித்தனியே வந்தால் இருவரும் பென்ஷன்காரரைப் போல, வண்டி நின்ற பிறகே இறங்கினார்கள்.

அவர்கள் படுக்கும் சந்தை விறாந்தையில் ஒரு சட்டம் இருந்தது. வளைவில் குதித்தவர்களுக்குச் சுவரோரம். குதிக்காதவனுக்கு வெளி ஓரம். அங்கே சாரல் உண்டு, கதைக்க ஆளில்லை. நிக்கலஸ் நனைவதைத் தாங்குவான், தனியே கிடப்பதைத் தாங்கமாட்டான்.

ஐப்பசி மழையோடு பழனியம்மா அந்த விறாந்தைக்கு வந்தாள். பதினேழு வயது; வேலை செய்த பங்களாவிலிருந்து துரத்தப்பட்டவள். ஒரு மாலை அவர்களோடு டிராமில் தொற்றிக்கொண்டாள். கீழே கல்வீதி நனைந்து மினுங்கியது.

"என்ன மச்சான், பயமா ஈக்கா?" என்றான் ஹமீட். அவன் குரல்தான் நடுங்கியது.

"எனக்கோ? முதல்ல உன்ர முகத்தைப் பார்," என்றான் நிக்கலஸ்.

பழனியம்மா பாவாடையை இடுப்பில் செருகினாள். "நீங்க குதிச்சா நானும் குதிப்பேன். எனக்கும் சுவரோரம் வேணும்."

"விழுந்தா கால் போயிடும், பிள்ளை!" என்றான் நிக்கலஸ்.

"உங்க காலு மட்டும் இரும்பாலயா செஞ்சிருக்கு?"

வளைவு வந்துவிட்டது. ஹமீட் நிக்கலஸைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். அவன் உண்மையாகவே தலைவனாக இருந்த கணம் அது ஒன்றுதான். அதைக் குறித்துக்கொள்ளப் பக்கத்தில் பொலிஸ்காரர் எவரும் இல்லை.

"அய்யே, மணியடிங்க!" என்று கொண்டக்டரைக் கூப்பிட்டான். "நாங்க இறங்கணும்."

"அப்ப இண்டைக்கு நீ வெளி ஓரம்," என்றான் ஹமீட். ஆனால் அவனும் கம்பியை விடவில்லை.

சட்டம் சட்டம்தான். அன்றிரவு மூவரும் வெளி ஓரத்தில் கிடந்து, நனைந்து, கதைத்தார்கள். சுவரோரம் காய்ந்து கிடந்தது.

அந்த மாலை, வளைவைத் தாண்டி டிராம் நின்ற பிறகு நிக்கலஸ் இறங்கினான். மற்ற இருவரும் அவன் பின்னால் இறங்கினார்கள்.