வெட்ட வந்த சாமி

விடிந்தும் விடியாததுமாக எங்கள் தொழுவத்துச் சுவரில் வறட்டி தட்டிக்கொண்டே சங்கீதம் பாடுவார் எங்கள் பாதிரியார் தில்ரெட் சாமி. பாதி ஒட்டாமல் விழும். விழுந்ததை எடுத்து, "இது என்னை மாதிரி. ரெண்டாந்தடவைதான் ஒட்டும்" என்று மறுபடி அறைவார். கடல் நாள்தோறும் எங்கள் ஊர் நிற்கும் மேட்டின் காலடி வரை ஏறி இறங்கும் உப்புச் சதுப்பில் விறகுக்கு எங்கே போவது? எல்லார் அடுப்பிலும் வறட்டிதான். தன் பங்கைத் தானே தட்டுவேன் என்பது சாமியின் பிடிவாதம். எவ்வளவு கழுவினாலும் வாசனை போகாத அந்தக் கையால்தான் பூசையில் அப்பம் தருவார்.

கடலுக்கு அக்கரையில், சாக்சன் சீமையில் பிறந்தவர். அவர் பேச்சும் எங்கள் ஃப்ரிசியப் பேச்சும் பங்காளிகள். அதனாலேயே அடிக்கடி தகராறு. முதல் பிரசங்கத்தில் 'கடவுளின் ஆட்டுக்குட்டி' என்பதற்கு 'கடவுளின் ஈரச் சட்டை' என்று முழங்கினார். என் மாமனார் எய்ல்வர்த் எழுந்து, "பிழிஞ்சு காயப்போடுங்க சாமி, அவருக்குச் சளி பிடிச்சுக்கும்" என்றார். கூட்டம் உருண்டு சிரித்தது. சாமி காது மடல் சிவக்கத் தானும் சிரித்துவிட்டு, "சரியான வார்த்தை என்ன பெரியவரே?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

படகில் கால் வைத்தால் வாந்தி. கடல்நாய்க் கொழுப்பை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவார். ஆனால் காய்ச்சல் வந்து நாங்கள் வரிசையாகச் சாய்ந்த வருஷம், சொந்த அண்ணன் தம்பியே தொட அஞ்சிய உடம்புகளைக் குளிப்பாட்டி, குழி வெட்டி அடக்கம் செய்தவர் அவர். நான் ஞானஸ்நானம் வாங்கியது அதற்குப் பிறகுதான். மாமனார் இன்றுவரை வாங்கவில்லை.

மேட்டின் உச்சியில் ஒரே ஒரு மரம். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்குக் கல்லறை ஏது? அந்த மரத்தின் வேரில் பால் ஊற்றி, பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். என் கணவர் ஹாயோவையும் கடல்தான் கொண்டுபோயிற்று. அந்த மரத்தை வெட்டத்தான் சாமி முதன்முதலில் இங்கே வந்தார், கையில் கோடரியோடு. அப்போது மாமனார் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"யாரைக் கூப்பிடுறீங்க?" என்றார் சாமி.

"எம் மவன. வெட்டணும்னா வெட்டுங்க. அதுக்கப்புறம் அவன எங்க போய்க் கூப்பிடுறது, அத மட்டும் சொல்லிட்டு வெட்டுங்க."

சாமி கோடரியைக் கீழே வைத்துவிட்டு, மாமனார் பக்கத்தில் மண்டியிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு பூசையிலும் ஹாயோவின் பெயரைச் சொல்லி மன்றாடுவார். பால் ஊற்றாதே என்று யாரையும் தடுத்ததில்லை. கேட்டால், "கடவுளுக்கு என்ன அவசரம்? அவரு எங்கயும் போகப்போறதில்ல" என்பார்.

சாமியை அனுப்பிய ஆயருக்கு அவசரம் இருந்தது போலும். போன இலையுதிர் காலத்தில் அவருடைய தூதர் கெர்ஹோ, கோடரி ஏந்திய ஆட்களோடு வந்து இறங்கினார்.

"இத்தனை வருஷமா இங்க என்னய்யா கிழிச்சே? மரம் அப்படியே நிக்குது!"

"ஆளுங்களும் நிக்கிறாங்க ஐயா" என்றார் சாமி.

தூதர் கையசைத்தார். முதல் வெட்டு விழுந்தது. பெண்கள் அலறினோம், ஆண்கள் மீன் ஈட்டிகளோடு ஓடி வந்தார்கள். சாமி பாய்ந்து போய் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றார். முதலில் எங்களைத்தான் அதட்டினார்: "ஈட்டியைக் கீழ போடுங்கடா! ஒருத்தன் மேல ரத்தம் பட்டாலும் நான் உங்களுக்குச் சாமி இல்ல." பிறகு வெட்டுகிறவனைப் பார்த்து, "நீ வெட்டு தம்பி. நான் இங்கதான் நிப்பேன்" என்றார்.

"பேய்க்கு நேர்ந்துவிட்ட மரம் இது!" என்று கத்தினார் தூதர்.

"இருக்கலாம் ஐயா. அழுவுறது மனுஷங்களாச்சே. இனி இது வேண்டாம்னு அவங்களே சொல்ற வரைக்கும் நான் காத்திருக்கேன்."

வெட்டுகிறவன் கோடரியைத் தாழ்த்திவிட்டான். தூதர் சாமியின் கழுத்திலிருந்த பூசைத் துண்டைப் பிடுங்கிக்கொண்டார். "ஆயர் சொல்ற வரைக்கும் நீ பூசை வைக்கக் கூடாது." பூசைக்காகவே உயிர் வைத்திருக்கும் மனிதர் அவர். "சரிங்க ஐயா" என்று தலை குனிந்தார்.

ஆயரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாமி எங்களோடு தரையில் உட்கார்ந்து ஜெபம் மட்டும் சொல்கிறார்.

அன்று தூதரின் படகு கிளம்பியதும் வாடைக்காற்று எழுந்தது. "சாமி, குளிருது, உள்ள வாங்க" என்று மாமனார் கூப்பிட்டார். சாமி வரவில்லை. தன் மேலங்கியைக் கழற்றி, மரத்தில் விழுந்திருந்த அந்த வெட்டு முழுவதும் மறையும்படி சுற்றி, காற்றில் அவிழாதபடி இறுக்கி முடிச்சுப் போட்டார்.